மறுக்கும் உரிமை

(சிட்னியின் செவன் ஹில்ஸில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம்)

நாம் கூடியிருக்கும் இந்த மண் தாருக் மக்களுடையது. அவர்களுடைய முன்னோரையும் இன்றைய மூத்தோரையும் வணங்குகிறேன். என் பேச்சில் மறைந்துபோன பழங்குடிக் கலைஞர்கள் சிலருடைய பெயர்கள் வரும். இறந்தவர் பெயரைச் சொல்வதில் அந்தச் சமூகங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு என்பதால் இதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

ஒரு கலைஞரின் படைப்பை அவருடைய அனுமதியில்லாமல் எடுத்துக்கொண்டால் சட்டம் என்ன செய்யும் என்று பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். சட்டப் புத்தகத்தைத் திறந்தால் பதில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்: தடையாணை, இழப்பீடு, லாபக் கணக்கு, பிரதிகளை ஒப்படைத்தல், சில வேளைகளில் சிறை. அந்தப் பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டுப் போனால், இது வாகனம் நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தியதற்கு வரும் தண்டச் சீட்டைப் போல, பணத்தைக் கட்டினால் தீர்ந்துவிடும் விஷயம் என்று தோன்றும். அப்படி நான் நினைக்கவில்லை. அனுமதியில்லாமல் எடுக்கும்போது கலைஞரிடமிருந்து முதலில் பறிபோவது, “வேண்டாம்” என்று சொல்லும் உரிமை. காசு அதற்குப் பின்னால்தான் வருகிறது. சட்டம் விதிக்கும் விளைவுகள் எல்லாமே பறித்த அந்த உரிமையை ஏதோ ஒரு வழியில் திருப்பிக் கொடுக்கப் பார்க்கின்றன. சில வழக்குகளில் முடிகிறது, சிலவற்றில் முடிவதில்லை. இதைச் சொல்ல நாம் குடியேறியிருக்கும் இந்த நாட்டின் வழக்குகளை விடப் பொருத்தமானவை எனக்குத் தெரியவில்லை.

1. கேட்க ஆள் இல்லை என்ற நினைப்பு

1966 பிப்ரவரி 14 அன்று ஆஸ்திரேலியா பவுண்டை விட்டு டாலருக்கு மாறியது. அன்று வெளிவந்த ஒரு டாலர் தாளின் பின்புறத்தில் மரப்பட்டை ஓவியம் ஒன்றிலிருந்து எடுத்த உருவங்கள் இருந்தன. அதை வரைந்தவர் ஆர்ன்ஹெம் லாண்டைச் சேர்ந்த டேவிட் மலாங்கி. ஒரு பெரும் வேட்டைக்காரரின் ஈமச் சடங்கைச் சொல்லும் ஓவியம் அது. அந்தக் கதையை வரையும் உரிமை அவருடைய குலத்தின் வழியாக அவருக்கு வந்தது. தாளை வடிவமைத்தவர்களிடம் வந்து சேர்ந்தது ஓவியத்தின் புகைப்படம். அது பெயர் தெரியாத, என்றோ இறந்துபோன ஒருவருடைய பழைய வேலை என்று எடுத்துக்கொண்டார்கள். வரைந்தவர் உயிரோடு, தம் ஊரில், இன்னும் வரைந்துகொண்டிருந்தார்.

தாள் நாடு முழுவதும் கைமாறத் தொடங்கிய பிறகே உண்மை வெளியே வந்தது. ரிசர்வ் வங்கியின் ஆளுநர் எச். சி. கூம்ப்ஸ் அவருக்கு 1,000 டாலரும் மீன்பிடிக் கருவிகளும் ஒரு வெள்ளிப் பதக்கமும் கிடைக்கச் செய்தார். வழக்கு எதுவும் நடக்கவில்லை. கூம்ப்ஸ் பழங்குடி மக்களின் உரிமைக்காகப் பின்னாளில் நிறையப் பாடுபட்டவர், அவருடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் வரிசை தலைகீழாக இருந்ததைக் கவனியுங்கள். முதலில் அச்சிட்டார்கள், பிறகு தேடினார்கள், கடைசியாகக் கொடுத்தார்கள். மலாங்கி மறுத்திருப்பாரா, மகிழ்ந்து ஒப்புக்கொண்டிருப்பாரா என்று கேட்கும் கட்டம் வரவே இல்லை. 1984இல் ஒரு டாலர் நாணயம் வரும் வரை அந்தத் தாள் அச்சாகிக்கொண்டிருந்தது.

இதே நினைப்பு நம் வீடுகளிலும் உண்டு. பூசையறையில் தொங்கும் முருகன் படத்தை வரைந்தவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? சாமி படம், அதற்கு யார் சொந்தக்காரர் என்று விட்டுவிடுகிறோம். கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு வரைந்த தெய்வங்கள்தான் தென்னாட்டுக் காலண்டர்களில் இரண்டு மூன்று தலைமுறைக்கு வலம்வந்தன. அவருடைய மாணவர்கள் பலர் அவரோடு சேர்ந்து வரைந்தார்கள். பழைய காலண்டர் படம் ஒன்று கிடைத்தால் கீழ் மூலையைப் பாருங்கள், குருவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்த கையெழுத்து இருக்கும். கோயில் திருவிழாவுக்கு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பதாகை அடிக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த மூலைதான். அங்கே விளம்பரதாரர் பெயர் வரவேண்டியிருக்கிறது. கொண்டையராஜு மறைந்தது 1976இல். படைத்தவரின் ஆயுளுக்குப் பின் 70 ஆண்டுகள் என்ற ஆஸ்திரேலியக் கணக்கின்படி அவருடைய ஓவியங்களுக்கான பாதுகாப்பு 2046 முடியும்வரை நீளும். உரிமை இன்று குடும்பத்திடம் இருக்கலாம், படத்தை வாங்கிய அச்சகத்தாரிடம் இருக்கலாம். ஒருவரிடமும் இல்லை என்று நாமாகத் தீர்மானித்துவிட முடியாது.

2. கம்பள வழக்கு

இன்று நான் சற்று நின்று பேச விரும்புவது இந்த வழக்கைப் பற்றித்தான்.

1990களின் தொடக்கத்தில் பெர்த் நகரத்து நிறுவனம் ஒன்று வியட்நாமில் கம்பளங்களை நெய்வித்து இறக்குமதி செய்தது. கம்பளங்களில் இருந்தவை பழங்குடிக் கலைஞர்கள் எட்டுப் பேரின் ஓவியங்கள். அந்த ஓவியங்கள் நிறுவனத்தின் கைக்கு வந்த வழி முக்கியமானது. ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வெளியிட்ட படத் தொகுப்பிலும், அரசுத் தகவல் பிரிவு வெளியிட்ட நாட்காட்டியிலும் அவை அச்சாகியிருந்தன. அந்த வெளியீடுகளுக்குக் கலைஞர்கள் ஒப்புதல் கொடுத்திருந்தார்கள், தங்கள் பண்பாட்டை வெளியார் அறிந்துகொள்ளட்டும் என்பதற்காக. சுவரில் மாட்டுவதற்கும் ஏட்டில் பார்ப்பதற்கும் கொடுத்த ஒப்புதல் தரையில் விரிப்பதற்குக் கொடுத்ததாகாது.

ஒவ்வொரு கம்பளத்தோடும் ஓர் அட்டை தொங்கியது. வடிவம் பழங்குடிக் கலைஞருடையது என்றும், விற்பனையாகும் ஒவ்வொரு கம்பளத்துக்கும் கலைஞருக்கு உரிமைத் தொகை போகிறது என்றும் அதில் எழுதியிருந்தது. வாங்குகிறவர் கலைஞருக்கு உதவுவதாக நம்பி வாங்கியிருப்பார். எந்தக் கலைஞருக்கும் ஒரு காசும் போகவில்லை.

எட்டுப் பேரில் ஐவர் அப்போது உயிரோடு இல்லை. அவர்கள் சார்பில் வடக்கு ஆட்சிப்பகுதியின் பொது அறங்காவலர் வழக்காடினார். உயிரோடிருந்த மூவர் ஜார்ஜ் மில்புருரு, பாண்டுக் மரிக்கா, டிம் பயுங்கா ஜபங்காட்டி. மரிக்கா யிர்க்கலா ஊரைச் சேர்ந்தவர், அச்சு ஓவியக் கலைஞர். புனிதமான நீர்நிலையும் உடும்பும் வரும் அவருடைய ஓவியம் அவர் குலத்தின் தோற்றக் கதையோடு கலந்தது. அந்தக் கதையை யார், எங்கே, எந்த அளவு வெளிக்காட்டலாம் என்பதற்கு அவருடைய மூத்தோர் வகுத்த ஒழுங்கு உண்டு. அது எங்கோ ஒரு வீட்டின் தரையில் மிதிபடுகிறது என்ற செய்தி அவரை எப்படித் தாக்கியிருக்கும்? புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அவர் தரப்புச் சாட்சியத்தில் இன்னொன்றும் வந்தது. படம் அவர் அறியாமல்தான் களவுபோனது, என்றாலும் அவருடைய சமூகத்தின் முன் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. சடங்குகளில் கலந்துகொள்ளும் உரிமையை இழக்கலாம். குலக்கதைகளை வரையும் உரிமையையே இழக்கலாம். சமூகம் அவரை ஒதுக்கி வைக்கலாம். பறிகொடுத்தவருக்கே தண்டனை. வியட்நாமில் கம்பளம் நெய்யச் சொன்னவருக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி வான் டூசா 1994 டிசம்பரில் தீர்ப்பளித்தார். சில கம்பளங்கள் மூல ஓவியத்தை அப்படியே ஒத்திருந்தன, சிலவற்றில் வடிவத்தை எளிமையாக்கியிருந்தார்கள். ஓவியத்தின் கணிசமான பகுதி எடுபட்டிருந்தால் போதும், மாற்றங்கள் காப்பாற்றமாட்டா என்றார். அட்டையில் இருந்த வாசகம் வாங்குவோரை ஏமாற்றுவது என்பதால் வணிக நடத்தைச் சட்டத்தையும் மீறியதாகக் கண்டார். 1,88,000 டாலருக்கும் மேல் இழப்பீடு விதித்தார். சந்தையில் ஓவியத்தின் மதிப்பு குறைந்ததோடு கணக்கை முடிக்காமல், கலைஞருக்குத் தம் பண்பாட்டுச் சூழலில் நேர்ந்த அவமானத்தையும் துன்பத்தையும் கணக்கில் சேர்த்தார். விற்காமல் கிடந்த கம்பளங்களைக் கலைஞர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார். இழப்பீட்டை ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்காமல் ஒரே தொகையாகக் கொடுத்தார், தங்கள் வழக்கப்படி அவர்களே பங்கிட்டுக்கொள்ளட்டும் என்று. ஆங்கிலேயச் சட்ட மரபிலிருந்து வந்த ஒரு நீதிமன்றம் இன்னொரு மக்களின் வழக்கத்துக்கு இடம் விட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நிறுவனம் திவாலானது. கலைஞர்களுக்கு அந்தப் பணம் போய்ச் சேரவில்லை.

வென்ற வழக்கில் பணம் வராமல் போனால் வழக்கு வீண்தானே என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. கம்பளங்கள் கடைகளிலிருந்து போயின. “இது எங்களுடையது, நாங்கள் ஒப்பவில்லை” என்று அவர்கள் சொன்னது தீர்ப்பில் பதிந்தது. அதற்குப் பின் வந்த வழக்குகளுக்கு அது அடிப்படையானது. அதே நீதிபதி முன் 1998இல் முடிந்த புலுன் புலுன் வழக்கு அவற்றில் ஒன்று. ஜான் புலுன் புலுனின் ஓவியத்தை இறக்குமதித் துணியில் அச்சடித்திருந்தார்கள். பத்தாண்டுக்கு முன் அவருடைய ஓவியங்கள் டி-ஷர்ட்டில் அச்சானதைக் கண்டு சில காலம் வரைவதையே நிறுத்தியிருந்தவர் அவர். குலத்துக்குரிய கதையை வரையும் கலைஞர் அந்தக் குலத்துக்கு நம்பிக்கைக் கடமை உடையவர், ஓவியத்தை அவர் தம் விருப்பப்படி மட்டும் கையாள முடியாது என்று நீதிபதி ஏற்றார். கலைஞர் “சரி” என்றாலும் அவருக்குப் பின்னால் நிற்பவர்களையும் கேட்கவேண்டிய படைப்புகள் உண்டு என்பது அன்று சட்டத்தின் பார்வைக்கு வந்தது.

3. சட்டத்தின் கையில் உள்ளவை

ஆஸ்திரேலியாவில் இதை ஆள்வது 1968ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். படைப்பைப் பதிவு செய்யவேண்டிய தேவை இங்கே கிடையாது. வரைந்து முடித்த நொடியிலிருந்து உரிமை இருக்கிறது, வட்டத்துக்குள் ‘சி’ போடாவிட்டாலும் இருக்கிறது. படைத்தவர் இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்தாலும், பெர்ன் உடன்படிக்கையின் வழியே அவர் படைப்புக்கு இங்கே அதே பாதுகாப்பு உண்டு.

உரிமையாளர் நீதிமன்றம் போனால் முதலில் கேட்பது தடையாணை. மறுக்கும் உரிமையை நேராகத் திருப்பித் தருவது இதுதான், மற்றவை எல்லாம் காலம் கடந்தபின் செய்யும் ஈடு. அடுத்தது, நட்டத்துக்கு இழப்பீடு அல்லது எடுத்தவர் ஈட்டிய லாபம், இரண்டில் ஒன்று. தெரிந்தே, அலட்சியமாக, எச்சரித்த பிறகும் தொடர்ந்தால் அதற்கு மேல் கூடுதல் இழப்பீடு. பிரதிகளையும் அவற்றைச் செய்யவென்றே வைத்திருந்த கருவிகளையும் உரிமையாளர் தம் சொத்தைப் போலவே கேட்டுப் பெறலாம். வணிக நோக்கில் களவுப் பிரதிகளைச் செய்வதும் விற்பதும் குற்றவியல் பிரிவுக்குள் வரும், கடும் குற்றத்துக்கு 5 ஆண்டு வரை சிறை.

“எனக்குத் தெரியாது” என்பவருக்கும் சட்டத்தில் ஒரு பதில் உண்டு. மீறல் என்று அறியாமலும், சந்தேகப்பட நியாயமான காரணம் இல்லாமலும் செய்திருந்தால் இழப்பீடு கிடையாது, லாபத்தை மட்டும் கொடுக்கவேண்டும். இந்தக் கதவு சிறியது. இணையத்தில் எடுத்த படத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார் என்று சந்தேகிக்கக் காரணமே இல்லை என்று இந்தக் காலத்தில் எந்த நீதிபதியிடமும் சொல்லி நிலைநாட்ட முடியாது.

4. பெயரும் மானமும்

2000 டிசம்பரிலிருந்து இங்கே கலைஞருக்குத் தனியாக ஒழுக்க உரிமைகளும் உண்டு: தம் பெயர் இடம்பெறுவது, தம் படைப்புக்கு வேறொருவர் பெயர் இடாதிருப்பது, படைப்பைத் தம் மதிப்புக்குக் கேடு வரும்படி சிதைக்காதிருப்பது. ஓவியத்தையும் பதிப்புரிமையையும் விற்றுவிட்ட பிறகும் இவை அவரிடமே இருக்கும்.

சிட்னி ஓவியர் விளாடாஸ் மெஸ்கேனாஸ், இதய அறுவை மருத்துவர் விக்டர் சாங்கின் உருவப்படத்தை வரைந்தவர். அந்தப் படம் பின்னணியில் தெரியும்படி எடுத்த புகைப்படத்தை ஒரு வார இதழ் வெளியிட்டு, ஓவியத்தை வேறொரு ஓவியருடையது என்று எழுதிவிட்டது. அவர் திருத்தம் கேட்டார், தீர்வு எளிதில் கிடைக்கவில்லை. 2006இல் நீதிமன்றம் இழப்பீடாகக் கொடுத்தது 1,100 டாலர்தான். இதழ் நடந்துகொண்ட விதத்துக்காக அதற்கு மேல் 8,000 டாலர் விதித்தது. தவறு சிறியது, தவறைச் சுட்டிக் காட்டியபின் காட்டிய அசட்டை பெரியது என்று இந்த இரண்டு எண்களையும் நான் வாசிக்கிறேன்.

பெர்த்தில் ஒரு டிஜே, அமெரிக்கப் பாடகர் பிட்புல்லின் பாட்டு ஒன்றின் தொடக்க வரியை நீக்கி, தம்மைப் பாடகர் பெயர் சொல்லி அழைப்பதுபோல் ஒட்டி இணையத்தில் ஏற்றினார். 2012இல் அதற்கு விதித்தது 10,000 டாலர். பாட்டைத் திருடி விற்றதற்கான தண்டனை இது என்று நினைக்கவேண்டாம். பாடகர் அந்தப் பாட்டில் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டியதுதான் அங்கே பெரிதானது. விழா ஒளிப்பதிவில் பிரபலமான குரலை ஒட்டி வாழ்த்துச் செய்தி தயாரிக்கும் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தியாவில் இதற்கு இணையாக நிற்பது அமர்நாத் செகல் வழக்கு. டெல்லி விஞ்ஞான் பவனின் சுவரில் அவர் படைத்த பெரும் வெண்கலச் சிற்பத்தை 1979இல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். பணம் கொடுத்து வாங்கியது அரசு, சிற்பம் அரசின் சொத்து. இருந்தும் டெல்லி உயர்நீதிமன்றம் 2005இல் கலைஞர் பக்கம் நின்றது. எஞ்சிய துண்டுகளை அவரிடம் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் ஆணையிட்டது. சொந்தக்காரர் ஆனாலும் செய்யக்கூடாதது உண்டு என்பதை இந்திய மண்ணில் இவ்வளவு தெளிவாகச் சொன்ன தீர்ப்பு வேறில்லை என்பது என் எண்ணம்.

5. விற்றுவிட்ட உரிமை

என் வாதத்துக்கு எதிராக ஒரு வலுவான கேள்வி எழும். மறுக்கும் உரிமை கலைஞருடையது என்கிறீர்களே, பெரும்பாலான வழக்குகளில் மறுப்பவர் கலைஞரே இல்லையே என்று. உண்மைதான். பதிப்புரிமை விற்கவும் வாங்கவும் கூடியது. வாங்கியவரின் கையில் அது வேறு முகம் காட்டும்.

மரியன் சின்க்ளேர் என்ற ஆசிரியை 1930களில் சாரணச் சிறுமியருக்காகக் குக்கபாரா பறவையைப் பற்றி ஒரு சிறு பாட்டு எழுதினார். இங்கே வளர்ந்த உங்கள் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்கும். அவர் 1988இல் காலமான பின் ஒரு வெளியீட்டு நிறுவனம் அதன் உரிமையை வாங்கியது. மென் அட் வொர்க் குழுவின் ‘டவுன் அண்டர்’ பாட்டில் புல்லாங்குழல் வாசிக்கும் ஒரு சிறு பகுதி அந்த மெட்டிலிருந்து வந்தது என்பதை 2007இல் ஒரு தொலைக்காட்சி வினாடிவினா எடுத்துக்காட்டியது. நிறுவனம் வழக்குப் போட்டு 2010இல் வென்றது. 2002 முதலான வருமானத்தில் 5 விழுக்காடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பாயிற்று. சின்க்ளேர் உயிரோடிருந்த ஆண்டுகளில் ‘டவுன் அண்டர்’ வானொலியில் ஓயாமல் ஒலித்தது, அவர் வழக்குப் போடவில்லை. சட்டப்படி தீர்ப்பு சரி. ஆனால் மறுக்கும் உரிமையின் உயிர் அதில் இருந்ததா என்றால், இல்லை என்றே சொல்வேன்.

தமிழருக்கு இந்தச் சிக்கல் பழையது. பாரதியின் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை கைமாறிக் கைமாறி ஏவி. மெய்யப்பனிடம் வந்தது. ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டைப் பயன்படுத்திய டி. கே. சண்முகத்தின் மேல் வழக்கு வந்தது. தமிழகம் கொந்தளித்து, 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையை ஏற்று, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. தனியார் கைக்குப் போய்விட்ட உரிமையை ஒரு சமூகமே கேட்டு மீட்ட நிகழ்ச்சி அது. ஆ. இரா. வேங்கடாசலபதி இதைப் பற்றி எழுதிய நூல் தமிழில் பதிப்புரிமையை அறிய விரும்புவோர் தவறவிடக்கூடாதது.

2017இல் இசையமைப்பாளர் இளையராஜா தம் பாடல்களை மேடையில் பாடுவது பற்றி எஸ். பி. பாலசுப்ரமணியத்துக்கு அனுப்பிய அறிவிப்பு நம் வீட்டுக் கூடங்களிலும் பிளவை உண்டாக்கியது. இசையமைப்பாளரா, தயாரிப்பாளரா, ஒலிநாடா நிறுவனமா, எந்தப் பாட்டில் எந்த உரிமை யாரிடம் என்பதை ஒப்பந்தம் ஒப்பந்தமாகத்தான் பார்க்கவேண்டும். அவர் தொடுத்ததும் அவர்மேல் தொடுத்ததுமான வழக்குகள் பல என்பதால் அதற்குள் நான் போகவில்லை. அன்று பலரும் வருத்தத்தோடு கேட்ட “நண்பரிடமே இப்படியா?” என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நட்பு அனுமதி கேட்பதை எளிதாக்கும், தேவையற்றதாக்காது.

கையெழுத்திடும் கலைஞருக்கும் ஒரு வார்த்தை. பழங்குடிக் கலைஞர் டெரி யும்புலுல் செய்த விடிவெள்ளிக் கம்பம் என்ற சடங்குக் கம்பத்தின் உருவம் 1988இல் வந்த பத்து டாலர் தாளில் இடம்பெற்றது. முகவர் வழியாக உரிமம் கொடுத்த அவருக்கு, அது எதுவரை போகும் என்று முழுதாக விளங்கியிருக்கவில்லை. அவருடைய சமூகத்தில் கண்டனம் எழுந்தது. 1991இல் வழக்கில் தோற்றார். சமூகத்தின் உரிமையைச் சட்டம் போதிய அளவு காக்கவில்லை என்பதை நீதிபதி ஒப்புக்கொண்டார், ஆனாலும் கையெழுத்து கையெழுத்துதான். கேட்கப்படுவது மட்டும் போதாது, என்ன கேட்கிறார்கள் என்று விளங்கியிருக்கவும் வேண்டும்.

6. நம் மண்டபங்களில்

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். இந்த வட்டாரத்தில் வார இறுதி ஒவ்வொன்றிலும் ஓர் அரங்கேற்றமோ தமிழ்ப் பள்ளி விழாவோ நடக்கிறது. அழைப்பிதழ், மலர், மேடைப் பின்திரை, டி-ஷர்ட் எல்லாவற்றுக்கும் ஓவியம் வேண்டும். கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ஓவியர் எஸ். இளையராஜாவின் கிராமத்துப் பெண்களை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், வாட்ஸ்அப்பில் பொங்கல் வாழ்த்தோடு வந்திருப்பார்கள். அடுப்படி வெளிச்சம் கன்னத்தில் விழும் அந்த முகங்களை ஒளிப்படம் என்றே நம்பியவர்கள் பலர். 2021இல் கொரோனா அவரை 43 வயதில் கொண்டுபோயிற்று. இந்தியச் சட்டப்படி அவர் படைப்புகளுக்கு 2081 வரையும் ஆஸ்திரேலியச் சட்டப்படி 2091 வரையும் பாதுகாப்பு உண்டு. நம் பேரப்பிள்ளைகள் மலர் போடும் காலத்திலும் அவருடைய வாரிசுகளைக் கேட்டுத்தான் எடுக்கவேண்டும்.

நான் அடிக்கடி கேட்கும் சமாதானங்களைச் சொல்கிறேன். லாப நோக்கம் இல்லையே என்பார்கள். சங்கம் லாபம் ஈட்டாதது என்பதால் சட்டம் விலக்குத் தருவதில்லை, இழப்பீட்டுத் தொகை வேண்டுமானால் குறையலாம். பெயர் போட்டுவிட்டோமே என்பார்கள். பெயர் போடுவது ஒரு கடமை, அனுமதி பெறுவது இன்னொரு கடமை. பத்து விழுக்காடு மாற்றிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ, அப்படி ஒரு விதி இந்த நாட்டுச் சட்டத்தில் இல்லை. கம்பள வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் உள்ளதுபோன்ற பரந்த நியாயப் பயன்பாட்டு விதியும் இங்கே இல்லை. படிப்பு, விமரிசனம், செய்தி, அங்கதம் என்று குறிப்பிட்ட நோக்கங்களுக்கு மட்டும் இடமுண்டு, பின்திரை அவற்றில் வராது. படத்தின் மூலையிலிருந்த பெயரை வெட்டுவது ஒழுக்க உரிமையைத் தொடும். மின்கோப்பில் உள்ள உரிமைத் தகவலை நீக்குவதற்குத் தனி வழக்கும் வரலாம்.

இசைக்கும் இதுவே. தியாகராஜர் கீர்த்தனை ஆடினால் கவலையில்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல், ஆக 2043 வரை. பெரியசாமித் தூரன் 1987இல், ஆக 2057 வரை. மேடையில் நிகழ்த்த ஒன்மியூசிக் அமைப்பின் உரிமம் மண்டபத்தாரிடமே இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். அரங்கேற்றத்தைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றுவது வேறு பயன்பாடு, அதற்கு அந்த உரிமம் போதும் என்று எண்ணிவிடாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி இன்று கேள்வி வராமல் இருக்காது. சட்டம் காப்பது படைப்பை, பாணியை அல்ல. ஒருவர் பாணியில் வரைந்தது என்பதற்காக மட்டும் வழக்கு நிற்காது. அந்த இயந்திரங்களைப் பழக்குவதற்கு ஓவியங்களையும் பாடல்களையும் கேட்காமல் எடுத்துக்கொள்ள ஒரு விலக்கு வேண்டும் என்று நிறுவனங்கள் வாதாடின. அப்படி ஒரு விலக்கைக் கொண்டுவரப்போவதில்லை என்று 2025 அக்டோபரில் ஆஸ்திரேலிய அரசு அறிவித்தது. நான் இதை வரவேற்கிறேன்.

அனுமதி கேட்பது பெரிய வித்தையில்லை. எந்தப் படம், எங்கே, எத்தனை பிரதி, எவ்வளவு காலம், இணையத்திலும் வருமா, பெயரை எப்படிப் போடவேண்டும் என்று ஆறு விவரங்களைத் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அதைச் சம்மதம் என்று கொள்ளாதீர்கள், வேறு படம் தேடுங்கள். நம்மிடையே வளரும் பிள்ளைகளில் நன்றாக வரைகிறவர்கள் இருக்கிறார்கள், காசு கொடுத்து வரையச் சொல்லுங்கள். அப்போதும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே அச்சடித்துவிட்டீர்கள், ஓவியரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது என்றால் செய்யவேண்டியது இது. அன்றைக்கே இணையத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மீதமுள்ள பிரதிகளை விநியோகிக்காமல் எண்ணி வையுங்கள், எத்தனை போயின என்ற கணக்கையும் மறைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதுங்கள், மெஸ்கேனாஸ் வழக்கில் தொகை ஏறியதற்குக் காரணம் நினைவிருக்கட்டும். பறிகொடுத்த பக்கத்தில் நிற்கும் கலைஞராக நீங்கள் இருந்தால் சிட்னியில் ஆர்ட்ஸ் லா சென்டர் என்ற கலைஞர்களுக்கான சட்ட உதவி மையம் இருக்கிறது. அங்கே போகும்போது வரைவுத் தாள்களையும் தேதி தெரியும் கோப்புகளையும் எடுத்துச் செல்லுங்கள். உரிமை மீறல் நடந்ததிலிருந்து 6 ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கவேண்டும்.